கொரிந்துவின் இரண்டு பந்திகள்

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இறையியல் கேள்வியாக இருக்காது. "இதைச் செய்யலாமா, கூடாதா?" என்றுதான் கேட்பார். இந்த விழாவில் போய் உட்காரலாமா, இந்த இசையைக் கேட்கலாமா, மற்றவர்கள் உடுத்துவதுபோல் உடுத்தலாமா, இந்த வேலையில் சேரலாமா. உடனே ஒரு பட்டியல் கைக்கு வரும். எந்தச் சபையில் கேட்கிறார் என்பதைப் பொறுத்துப் பட்டியல் நீளும், குறையும். கொடுப்பவர்கள் அக்கறையோடுதான் கொடுக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியல்களில் ஏறியவற்றைவிட, ஏறாமல் தப்பிய விஷயங்கள்தான் சபைகளை அதிகம் கெடுத்திருக்கின்றன என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை வேதத்திலிருந்தும் சபை வரலாற்றிலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. கலாசாரம் என்றால் ஒரு சமூகம் அதிகம் யோசிக்காமலே செய்துவருகிற எல்லாம்தான். மொழி, உடை, இசை, கல்யாண முறை, சாவுச் சடங்கு இவை வெளியே தெரிபவை. எது கௌரவம், எது அவமானம், யார் முன்னால் உட்கார வேண்டும், எதைச் சாதித்தால் வாழ்க்கையில் ஜெயித்ததாக அர்த்தம் என்பதும் கலாசாரம்தான். இது வெளியே தெரியாது. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவருக்கு இது கலாசாரமாகவே படாது. "உலக நடப்பு" என்று தோன்றும்.

கலாசாரமே கலக்காத கிறிஸ்தவம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இயேசு கலிலேயாவில் வளர்ந்த யூதர். ஜெப ஆலயத்துக்குப் போனார், பஸ்காவை ஆசரித்தார், அந்த மண்ணின் விதைப்பையும் மீன்வலையையும் வைத்தே உவமை சொன்னார். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கம் கடைத்தெருவில் புழங்கிய கிரேக்கம். ஆகையால் "உன் கலாசாரத்தை விட்டுவிட்டு வா" என்று யாராவது அழைத்தால், பெரும்பாலும் தன்னுடைய கலாசாரத்துக்கு வரச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சபைக்கு இந்தச் சிக்கல் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. இயேசுவை விசுவாசித்த புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடி, கடுமையாக வாதாடி, வேண்டாம் என்று தீர்மானித்தார்கள் (அப்போஸ்தலர் 15). வந்தவர்கள் யூதராக மாற வேண்டியதில்லை. ஆனால் விக்கிரகங்களுக்குப் படைத்தவை, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் ஆகியவற்றுக்கு விலகியிருக்க வேண்டும். கதவு அகலமாகத் திறந்தது, ஆனாலும் நிலைப்படி இருந்தது.

இதற்கு அடுத்த அதிகாரத்திலேயே ஒரு வேடிக்கை. விருத்தசேதனம் தேவையில்லை என்று வாதாடி ஜெயித்துவந்த பவுல், தன்னோடு ஊழியத்துக்குச் சேர்த்துக்கொண்ட தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்துவைக்கிறார். கிரேக்கனான இன்னொரு உடன் ஊழியன் தீத்துவுக்கோ செய்ய மறுத்ததாகக் கலாத்தியர் நிருபத்தில் எழுதுகிறார். முன்னுக்குப் பின் முரணாகத் தெரியும். தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண். யூதர் நடுவே ஊழியம் செய்ய அது வழியைத் திறக்கும், அவ்வளவுதான். தீத்துவின் விஷயத்திலோ "இது இல்லாமல் இரட்சிப்பு முழுமையாகாது" என்று சிலர் நெருக்கினார்கள். அந்த நெருக்குதல் வந்ததும் பவுல் மசியவில்லை. சடங்கு ஒன்றே, ஓரிடத்தில் அது பழக்கம், இன்னோரிடத்தில் கிறிஸ்துவோடு கூட வைக்கப்படும் இன்னொரு நிபந்தனை. ஆரம்பத்தில் இருப்பவர் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: ஒரு செயலை வெறும் செயலாக மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்த இடத்தில், அந்த ஆட்கள் முன்னால், அது என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் விசுவாசத்தைக் கெடுக்கும் கலப்பு எது? சமயக் கலப்பு என்றதும், ஒருவர் கிறிஸ்துவை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவதாக நினைத்துக்கொள்கிறோம். அது கலப்பல்ல, விலகல். கலப்பில் பெயர் மாறாது. பொன் கன்றுக்குட்டியை வார்த்த ஆரோன், மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் கூறினான் (யாத்திராகமம் 32). கர்த்தரின் பெயர் அப்படியே நின்றது. அந்தப் பெயருக்குள் எகிப்தில் பழகிய பயமும் அவசரமும் புகுந்துகொண்டன. சமாரியாவில் குடியேற்றப்பட்ட ஜாதிகளைப் பற்றி 2 இராஜாக்கள் 17 சொல்வதும் இதையே: கர்த்தருக்கும் பயந்தார்கள், தங்கள் தேவர்களையும் சேவித்தார்கள். பெயர்ப்பலகை மாறாமல் உள்ளே முதலாளி மாறிவிட்ட கடையைப் போல இருக்கும் இந்த நிலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது, உள்ளே வேலை செய்பவருக்கும் பல நாள் தெரியாது.

இதற்குப் பயந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்றால், இயேசு அதற்கும் இடம் கொடுக்கவில்லை. பாடுபடுவதற்கு முந்தின இரவில் சீஷர்களுக்காக ஜெபிக்கும்போது, "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்" என்கிறார் (யோவான் 17:15). உள்ளே இருக்க வேண்டும், கரைந்துபோகவும் கூடாது. எங்கே கோடு போடுவது?

தானியேலும் அவனுடைய மூன்று தோழர்களும் போட்ட கோடு, நாம் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. பாபிலோன் அரண்மனையில் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொண்டார்கள். அரசனுக்குச் சேவகம் செய்தார்கள். பெயர் மாற்றத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெயர்களோ சாதாரணப் பெயர்கள் அல்ல. தானியேலுக்கு இட்ட பெல்தெஷாத்சார் என்ற பெயர் தன் தேவனுடைய பெயரின்படி இடப்பட்டது என்று அரசன் நேபுகாத்நேச்சாரே பிற்பாடு சொல்கிறான். நாமாக இருந்தால் அங்கேதான் முதல் சண்டையைத் தொடங்கியிருப்போம். அவர்கள் பெயரை விட்டுவிட்டு, அரசனுடைய பந்தியின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மறுத்தார்கள். ஏன் சரியாக உணவில் என்பதைப் பற்றி விளக்கவுரையாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, மறுத்த விதம். சத்தம் போடவில்லை. பொறுப்பிலிருந்த அதிகாரியின் தலைக்கு ஆபத்து வரக் கூடாதே என்று யோசித்து, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். பணியாதவர்களை எரிகிற சூளையில் போடுவோம் என்று மிரட்டிச் சிலையைப் பணியச் சொன்னபோதும், அரசனைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று சட்டம் வந்தபோதும் பேரத்துக்கே இடமில்லாமல் போயிற்று. எல்லாவற்றிலும் ஒரே அளவு பிடிவாதம் காட்டியிருந்தால், சூளைக்கு முன்னால் நிற்கும் நாள் வரும்வரை அவர்கள் அந்த அரண்மனையில் இருந்திருக்கவே மாட்டார்கள்.

நாகமானின் கதை இன்னும் சங்கடமானது. குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன், இனி கர்த்தரையன்றி வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்கிறான். அடுத்த வாக்கியத்தில் ஒரு வேண்டுகோள்: என் எஜமான் ரிம்மோன் கோவிலில் என் கையின்மேல் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும். அவனைக் குணமாக்கிய தீர்க்கதரிசி எலிசா அதற்குத் தீர்ப்பும் சொல்லவில்லை, பாடமும் எடுக்கவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். இதை எல்லாருக்கும் பொதுவான அனுமதியாக எடுத்துக்கொண்டால் தவறு. ஆனால் நேற்று விசுவாசத்துக்கு வந்தவரிடம் இருபது வருஷம் பழகியவரின் துணிச்சலை எதிர்பார்க்கும் மூப்பர்கள் இந்தப் பகுதியை அடிக்கடி படிப்பது நல்லது.

இனி கொரிந்து. என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பு முழுவதையும் இந்த ஒரு நகரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

கி.மு. 146இல் ரோமர்கள் அழித்துப்போட்ட நகரம் அது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதைக் குடியேற்ற நகரமாக மீண்டும் நிறுவினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை இல்லாத ஊர். ஆகையால் பணத்தாலும் தொடர்பாலும் பெயர் வாங்கும் ஆசை அங்கே கொதித்துக்கொண்டிருந்தது. கோவில்கள் வழிபாட்டுக்கு மட்டும் உரியவையாக இல்லை. அஸ்கிலேபியு என்ற மருத்துவ தேவனின் கோவில் வளாகத்தில் விருந்து அறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். பிறந்தநாள், நன்றி விருந்து, தொழில் சங்கக் கூட்டம் எல்லாம் அப்படிப்பட்ட அறைகளில் நடக்கும். இறைச்சி அங்கே படைக்கப்பட்டிருக்கும். போகவில்லை என்றால் உறவு முறியும், வியாபாரம் படுக்கும்.

போகலாமா என்று கொரிந்தியர்கள் பவுலுக்கு எழுதிக் கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒரு நல்ல தர்க்கமும் வைத்திருந்தார்கள்: விக்கிரகம் ஒன்றுமில்லை, தேவன் ஒருவரே, பிறகு இறைச்சி இறைச்சிதானே? பவுல் அந்தத் தர்க்கத்தை மறுக்கவில்லை. ஆனால் "ஆம்", "இல்லை" என்று ஒற்றைப் பதில் கொடுக்காமல் இடத்துக்கு இடம் பிரித்தார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு. பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது. அவிசுவாசியான ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போ. வைப்பதைச் சாப்பிடு, துருவிக் கேட்காதே. ஆனால் அங்கே ஒருவன் "இது படைக்கப்பட்டது" என்று எடுத்துச் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே. கோவில் பந்தியிலேயே போய் உட்காருவதோ வேறு கதை. கர்த்தருடைய பந்திக்கும் பேய்களின் பந்திக்கும் ஒரே சமயத்தில் பங்காளியாக முடியாது.

இறைச்சி மூன்று இடத்திலும் ஒன்றே. கடையில் அது சரக்கு. நண்பர் வீட்டில் அது உபசாரம். யாரோ ஒருவர் வாய் திறந்து சொன்ன மாத்திரத்தில் அதே தட்டு ஒரு சாட்சியாகிவிடுகிறது. கோவிலில் அது ஐக்கியம். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை பவுலுக்கு இருந்தது. அவர் பெயரில் பட்டியல் போடும் நமக்குத்தான் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கூடவே ஒன்றையும் சொன்னார். உனக்கு உரிமை இருக்கலாம். ஆனால் உன்னைப் பார்த்து, மனச்சாட்சி இன்னும் உறுதிப்படாத ஒரு சகோதரன் பழைய வழிக்கே இடறி விழுவானானால் என்ன செய்வாய்? நானாக இருந்தால் என்றைக்கும் இறைச்சி சாப்பிடாமலே இருந்துவிடுவேன். விவரம் தெரிந்தவன், பலமுள்ளவன் விட்டுக்கொடுக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள்; பிற்பாடு இந்த வாதத்தைத் தலைகீழாக்கிய ஒரு சபையைப் பார்க்கப் போகிறோம்.

பவுலுக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கருங்கடல் கரையில் பித்தினியா பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டு 112 வாக்கில். கிறிஸ்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் உருவத்துக்கு முன்னால் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லியும், கிறிஸ்துவைத் தூஷிக்கச் சொல்லியும் சோதித்தாராம். உண்மையான கிறிஸ்தவர்களை இதைச் செய்ய வைக்க முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது: குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு சாதாரணமான உணவைச் சேர்ந்து உண்கிறார்கள். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: இதுவரை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாயிருந்த பலி இறைச்சி இப்போது மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது. விசுவாசம் சந்தைக் கணக்கில் தெரிந்திருக்கிறது! அவர்கள் தனி உடை உடுத்தியதாகவோ தனி மொழி பேசியதாகவோ பிளினி எங்கும் எழுதவில்லை.

முதல் பந்தியைப் பற்றி இவ்வளவு. கொரிந்தியர்கள் கேட்டதும் இந்தப் பந்தியைப் பற்றித்தான்.

இரண்டாவது பந்தியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அது அவர்களுடைய சொந்தப் பந்தி, கர்த்தருடைய இராப்போஜனம். அங்கே என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் பவுலுக்குத் தெரியவந்தது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று எழுதுகிறார். சபை ஒரு வசதியான வீட்டில் கூடுகிறது. வீட்டுக்காரரும் அவருடைய அந்தஸ்தில் உள்ளவர்களும் நேரத்தோடு வந்து விருந்து அறையில் சாய்ந்துகொள்கிறார்கள். அந்த அறையில் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வந்து முற்றத்தில் நிற்கிறார்கள், மிஞ்சியது ஏதாவது இருந்தால் உண்டு. பல ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை இப்படித்தான் படிக்கிறார்கள்.

ரோம விருந்தில் இது ஒரு தவறே அல்ல. அதே பிளினி வேறொரு கடிதத்தில், தான் போன ஒரு விருந்தைப் பற்றி முகம் சுளித்து எழுதியிருக்கிறார். மூன்று தரத் திராட்சரசம் சிறு குப்பிகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்ததாம்: விருந்து கொடுத்தவருக்கும் முக்கிய விருந்தினருக்கும் ஒன்று, கீழ்மட்ட நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. ஆளுக்கேற்ற பரிமாறல் அந்த உலகத்தில் வழக்கம். கொரிந்துச் சபை அந்த வழக்கத்தைக் கதவுக்கு வெளியே கழற்றி வைக்காமல், கர்த்தருடைய மேஜை வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. விக்கிரகம் இல்லை, தூபம் இல்லை, தவறான ஒரு பாட்டுகூட இல்லை. பவுலோ, கோவில் இறைச்சியைப் பற்றி மூன்று அதிகாரம் பொறுமையாகப் பேசியவர், இங்கே கொதித்துப்போகிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல, தேவனுடைய சபையை அசட்டைபண்ணி இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார்.

படைத்த இறைச்சியைத் தொடலாமா என்று தூக்கம் கெட்டு யோசித்த அதே ஆட்கள்தான் இவர்கள். வெளியே இருந்த கோவில் கண்ணில் பட்டது. உள்ளே வந்துவிட்ட அந்தஸ்து படவில்லை. சுற்றியுள்ள கலாசாரம் விசுவாசத்தை விழுங்கும் வழி பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான். யாக்கோபும் தன் நிருபத்தில் இதையே பிடித்தார்: பொன்மோதிரம் போட்டு மினுக்கான வஸ்திரத்தோடு ஒருவன் வந்தால் நல்ல இடம், அழுக்கான வஸ்திரத்தோடு ஏழை வந்தால் "அங்கே நில்". அந்தச் சபையின் உபதேசத்தில் அவர் பிழை சொல்லவில்லை. நாற்காலிகளைப் பார்த்தார்.

இப்போது தென்னாப்பிரிக்கா. அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபையில் வெள்ளையர்கள் சிலர், கறுப்பின விசுவாசிகளோடு ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுக்க மறுத்தார்கள். 1829இல் பிரச்சினை எழுந்தபோது, நிற வேறுபாடின்றி எல்லாரும் சேர்ந்தே எடுக்க வேண்டும், இது தேவனுடைய வார்த்தையின்மேல் நிற்கும் அசைக்க முடியாத கொள்கை என்று சபையின் பேரவை தெளிவாகச் சொன்னது. 1857இல் அதே பேரவை இறங்கிவந்தது. சேர்ந்து ஆராதிப்பதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு இசைந்தது. ஆனால் சிலரின் பலவீனம் காரணமாக அது கிறிஸ்துவின் பணிக்குத் தடையானால், தனிக் கட்டடத்தில் தனி ஆராதனை நடத்தலாம்.

பலவீனம் என்ற வாதம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். அது பவுலின் வாதம், கொரிந்து நிருபத்து வாதம். ஆனால் பவுல் பலமுள்ளவனைப் பார்த்து விட்டுக்கொடு என்றார். 1857இல் பலவீனர் என்ற பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நிலமும் அதிகாரமும் கையில் வைத்திருந்தவர்கள்; விட்டுக்கொடுத்துக் கட்டடத்தைவிட்டு வெளியே போனவர்கள் ஒன்றும் இல்லாதவர்கள். வசனம் அதே வசனம், பாரம் இடம் மாறிவிட்டது. தற்காலிகச் சலுகையாகத் தொடங்கியது 1881இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையாகவே அமைக்கப்பட்டது. 1948க்குப் பிறகு அரசு இனப்பிரிவினையைச் சட்டமாக்கியபோது, அதற்கு வேத ஆதாரம் காட்டும் இறையியல் தயாராகக் காத்திருந்தது. இவ்வளவு காலமும் ஞாயிறு ஆராதனை, ஜெபம், வேத வாசிப்பு எதிலும் குறைவில்லை. உலகத்துக்கு ஒத்துப்போகக் கூடாது என்ற பிரசங்கங்களும் குறைவில்லாமல்தான் நடந்திருக்கும்.

ஜெர்மனியில் இதே நோய் வேகமாக வந்தது. 1933 நவம்பரில் பெர்லினில் ஒரு பெருங்கூட்டத்தில், நாஜிகளை ஆதரித்த "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" இயக்கத்தின் தலைவர் ஒருவர் பழைய ஏற்பாட்டையே சபையிலிருந்து அகற்றக் கோரினார். யூத வம்சத்தில் வந்த போதகர்களை நீக்கும் விதியைச் சபைகள் ஏற்கத் தொடங்கியிருந்தன. அடுத்த மே மாதம் பார்மன் நகரில் கூடிய எதிர்த்தரப்பு, வேதத்தில் சாட்சியிடப்பட்ட இயேசு கிறிஸ்து ஒருவரே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவ வார்த்தை, அவரைத் தவிர நிகழ்வுகளையோ அதிகாரங்களையோ வெளிப்பாடாக ஏற்கமாட்டோம் என்று அறிக்கையிட்டது. ஆனால் அந்த அறிக்கையில் யூதர்கள் துன்புறுத்தப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எதிர்த்து நின்றவர்கள் கண்ணுக்கும் அது அவ்வளவு தூரம் மறைந்திருந்தது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மத்தேயோ ரிச்சி என்ற இயேசு சபைக் குரு 1582இல் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரத்துக்கு வந்து, சீன மொழியையும் நூல்களையும் ஊன்றிக் கற்று, பிற்பாடு சீன அறிஞர்களைப்போல் உடுத்தி வாழ்ந்தார். முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் செய்யும் மரியாதைச் சடங்குகள் பெரும்பாலும் குடிமை மரியாதை, வழிபாடு அல்ல என்பது அவர் கருத்து. பின்னால் வந்த வேறு துறவிகள், இல்லை, இது வழிபாடே என்றார்கள். வழக்கு ரோமுக்குப் போயிற்று. 1700இல் சீனாவின் காங்ஸி பேரரசரே இது மரியாதை மட்டுமே என்று விளக்கம் கொடுத்தும், போப் 11ஆம் கிளெமெந்து 1715இல் தடையை உறுதிப்படுத்தினார். கோபமடைந்த பேரரசர் கிறிஸ்தவப் பிரசங்கத்துக்கே தடை போட்டார். 1742இல் ரோமின் தடை மேலும் இறுகியது. 1939இல் போப் 12ஆம் பியுஸ் காலத்தில்தான் அந்தச் சடங்குகளில் பல அனுமதிக்கப்பட்டன. இருநூறு ஆண்டுகளுக்கு மேல், முன்னோர்முன் தலைவணங்குவதா கிறிஸ்துவா என்று சீன விசுவாசிகள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் சரி என்பதில் இன்றும் எல்லாரும் ஒருமனப்படவில்லை. சில வீடுகளில் அது மரியாதையாகவும் சில வீடுகளில் வழிபாடாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் செயலின் பொருளை, அதைச் செய்பவர்களிடம் கேட்காமல் தூரத்திலிருந்து தீர்மானிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சரி, இன்றைக்கு ஒருவர் எப்படிப் பகுத்தறிவது? சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. பவுல் கொரிந்தியரோடு பேசிய முறையிலேயே சில கேள்விகள் கிடைக்கின்றன. இந்தச் செயல் இங்கே யாரை நோக்கிச் செய்யப்படுகிறது? நான் செய்வதைப் பார்க்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? இதை நான் செய்ய மறுத்தால் எனக்கு என்ன போகும் என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறதா? கடைசிக் கேள்விதான் கூர்மையானது. சிலை முன்னால் குனிய மறுப்பது நம்மில் பலருக்கு எளிது. பிள்ளையின் மதிப்பெண், குடும்ப கௌரவம், பதவி உயர்வு, சொந்த இனத்தின் பெருமை இவற்றில் ஒன்றை விட்டுக்கொடு என்றால்தான் தெரியும், நாம் எதன் காலடியில் இருக்கிறோம் என்று. தன் வட்டத்தில் எல்லாரும் சரியென்று கொள்ளும் ஒன்றை விசுவாசத்தின் பெயரால் ஒருமுறைகூட மறுக்க நேர்ந்ததில்லை என்றால், அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

வேறுபட்டிருப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆதிச் சபையிடம் வெளியார் கண்ட வித்தியாசம் வேறு எதையோ செய்யப்போய்த் தானாக வந்தது. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் பெயர் தெரியாத ஒரு கிறிஸ்தவர் தியோக்னேத்து என்பவருக்கு எழுதிய மடலில், நாங்கள் நாட்டாலோ மொழியாலோ பழக்கத்தாலோ பிரிந்தவர்கள் அல்ல, ஊரோடு ஒத்தே உடுக்கிறோம், உண்கிறோம் என்கிறார். ஆனால் பிறந்த குழந்தைகளை வெளியே எறிவதில்லை என்று கூடவே சொல்லிவிடுகிறார். வேண்டாத குழந்தையைக் குப்பைமேட்டில் விடுவது அப்போது சட்டத்துக்குட்பட்ட வழக்கம். 4ஆம் நூற்றாண்டில் பழைய மதத்தை மீட்க முயன்ற ஜூலியன் பேரரசர் பெயரில் நிற்கும் கடிதம் ஒன்றில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று ஒரு பொருமல் இருக்கிறது. அவர்கள் உடுத்தியதைப் பற்றி அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

இதில் மிகக் கடினமான பகுதி, தனக்குத் தெரியாததை எப்படித் தெரிந்துகொள்வது என்பது. வேதத்தைத் தனியாக மட்டும் வாசித்தால் போதாது, தென்னாப்பிரிக்கர்களும் வாசித்தார்கள். நம் காலத்தின் குருட்டுத்தனம் இல்லாத பழைய காலத்து எழுத்துகளைப் படிக்கலாம்; அவர்களுக்கு வேறு குருட்டுத்தனம் இருக்கும், பரவாயில்லை. வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு விசுவாசியை நம் ஆராதனையில் ஒரு மாதம் உட்கார வைத்து, உங்களுக்கு எது விநோதமாகப் படுகிறது என்று கேட்கலாம். எல்லாவற்றையும்விட, பந்தியில் கடைசியில் இருப்பவரைக் கேட்க வேண்டும். கொரிந்து விஷயம், அந்தச் சபையின் சண்டைகளைப் பவுலுக்குத் தெரிவித்த குலோவேயாளின் வீட்டாரைப் போன்ற யாரோ பவுலிடம் போய்ச் சொன்னதால்தான் வெளியே வந்தது. தென்னாப்பிரிக்கப் பிரிவினை பாவம் என்று 1982இல் பெல்ஹாரில் கூடி அறிக்கை வரைந்ததும், 1881இல் தனியே பிரித்து வைக்கப்பட்ட அந்தச் சபைதான். 1986இல் அதை முறையாக ஏற்றுக்கொண்டார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு நூற்றாண்டுக்கு மேலாகியும் தெரியாமலிருந்தது, வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் சபையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் முதலில் "ஒன்றும் இல்லைங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கேட்பவர் மேல் நம்பிக்கை வரும்வரை அதுதான் பதில். மூப்பர் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல், அவர்கள் வீட்டுக்குப் போய், ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டியிருக்கும்.